கைப்பைக்குள் இருந்த ரோட்டர்

இது நிஜமாக நடந்ததா என்று சந்தேகப்படுபவர்கள் புக்கிட் காத்திலுக்கு வந்து, எங்கள் வரிசை வீடுகளில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். கஜலட்சுமி டீச்சரை மட்டும் கேட்க வேண்டாம். யாராவது காரைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவர் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

டீச்சரின் கணவர் நிர்மலன், கணக்காய்வு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆண்கள் மீன் வளர்ப்பார்கள், இல்லையென்றால் கோயில் கமிட்டியில் சண்டை போடுவார்கள். இவர் பழைய மோரிஸ் மைனர் ஒன்றை வாங்கினார். அதோடு விட்டாரா? குப்பை போட வெளியே வந்தவர்களை எல்லாம் பிடித்து நிறுத்தினார்.

"பானட் நடுவுல ஒரு பட்டை தெரியுதா? முதல்ல செஞ்ச வண்டி ஒடுக்கமா இருக்குன்னு நெடுக ரெண்டா வெட்டி, நாலு அங்குலம் தள்ளி வெச்சுப் பாத்தாங்க. அந்த நாலு அங்குலம்தான் இது."

கேட்பவர் கையில் குப்பைப்பை சொட்டிக்கொண்டிருக்கும். நிர்மலன் கண்டுகொள்ள மாட்டார்.

அவருக்கு ஒரே ஒரு குறை. வண்டிக்குள் யாரோ ஜப்பான் எஞ்சினைப் போட்டிருந்தார்கள். அசல் எஞ்சினைத் தேடி அலைந்தவருக்கு, லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டத்தில் அது கிடைத்தது. முனியாண்டி கோயிலுக்குப் பின்னால், மரத்தடியில். அதன் மேல் சந்தனம், குங்குமம், சிவப்புக் கயிறு.

ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு என்று நினைத்தார். அதில் குற்றம் சொல்ல முடியாது. நம் வீடுகளில் தையல் மெஷினுக்கே பொட்டு வைக்கிறோம். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சாமிக்கண்ணு ஊரில் இல்லை. அவருடைய மகன் அந்த நேரம் பார்த்து எஞ்சினை விற்றுவிட்டான். நிர்மலன் மண்ணெண்ணெயால் துடைத்தார். பொட்டு போனது. கயிற்றையும் அறுத்துப் போட்டார்.

குருபோங்கில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாலகிருஷ்ணன்தான் எஞ்சினை மாட்டிக் கொடுத்தார்.

"சார், ஒரு தடவை திறந்து பாத்துடலாம் லா."

"தொடாதே! தொழிற்சாலையில முடுக்கின போல்ட்டு. திறந்தா ஒரிஜினல் போச்சு."

திறக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடியது. பாலகிருஷ்ணனே ஓரடி பின்னால் நகர்ந்தாராம்.

நிர்மலனின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மகள் ராகினிக்கு அந்த மாதக் கடைசி ஞாயிறு கல்யாணம். பெண் இந்த வண்டியில்தான் கோயிலுக்குப் போவாள் என்று சொந்தபந்தம் முழுவதற்கும் சொல்லி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் டீச்சருக்குச் சந்தேகம் தொடங்கியது.

ஒரு மத்தியானம் பள்ளி முடிந்து வந்தவர், தற்செயலாகப் பானட் மேல் கை வைத்தார். சோற்றுப் பானை போல் சுட்டது.

"எங்க போயிட்டு வந்தீங்க?"

"எங்கயும் போகலையே. தூங்கிட்டு இருந்தேன். வெயில் லா."

வண்டி நின்றது போர்ச் நிழலில். டயரில் செம்மண் ஒட்டியிருந்தது. எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கத் தார் ரோடு. டீச்சர் கதவைத் திறந்து பார்த்தார். ஓட்டுநர் சீட் ஸ்டியரிங்கை ஒட்டி, முன்னால் இழுத்து விடப்பட்டிருந்தது. நிர்மலன் ஆறடி ஆள். அந்த இடைவெளியில் அவருடைய முழங்கால்கூட நுழையாது.

அப்படியானால் ஓட்டியது யாரோ குள்ளமான ஆள்...

எங்கள் வரிசையில் குள்ளமான பெண்கள் மூன்று பேர். அந்த வாரம் மூன்று பேரும் டீச்சரிடம் முறைப்பு வாங்கினார்கள். ஏன் என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

டீச்சர் சாவியை ஒளித்து வைத்தார். மறுநாளும் பானட் சுட்டது. இந்த வண்டியைச் சாவி இல்லாமலும் ஒயரை இணைத்துவிட்டு, முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுழற்றிக் கிளப்பலாமே என்று கைப்பிடியைத் தூக்கி அரிசி டிரம்முக்குள் போட்டார். அதற்கும் மறுநாள்... மறுபடியும் சூடு. மறுபடியும் செம்மண்.

கடைசியில் கணவர் சாப்பாட்டு மேசையில் நூறு தடவை சொன்ன கதையே அவருக்குக் கை கொடுத்தது. போர்க்காலத்து இங்கிலாந்தில் வண்டியை விட்டுப் போகிறவர்கள், எதிரி கையில் சிக்கினாலும் ஓடாதபடி செய்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். அதற்குப் பலர் கழற்றியது ரோட்டரை. விரலளவுக் கறுப்புத் துண்டு. அது இல்லையென்றால் பிளக்குகளுக்கு மின்சாரம் போகாது.

வெள்ளிக்கிழமை காலையில் டீச்சர் ரோட்டரைக் கழற்றினார். டிஷ்யூவில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். கல்யாண லீவு. இன்று ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

மத்தியானம் ஒன்று இருபது.

காலையில் பெய்த மழையில், கேட்டுக்கு வெளியே பெரிய லோங்காங் வடிகால் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. பூச்சரம் எவ்வளவு நீளம் வேண்டும் என்று பார்க்க ராகினி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அது இரண்டு கதவு வண்டி. முன் சீட்டை மடக்கினால்தான் பின்னால் இருப்பவர் இறங்க முடியும்.

நிர்மலன் குளியலறையில் இருந்தார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, இங்க ஏதோ சேத்து நாத்தம்..."

டக்.

டக்... டக்...

டர்ர்ர்ர்.

எஞ்சின் ஓடியது.

டீச்சர் கைப்பையைத் திறந்தார். ரோட்டர் டிஷ்யூவுக்குள்ளேயே இருந்தது.

ஓட்டுநர் சீட் கிரீச்சென்று முன்னால் நகர்ந்தது. யாரோ இழுத்தது போல. சீட்டில் யாரும் இல்லை.

வண்டி நகர்ந்தது.

"ராகினி! இறங்கு!"

"முன் சீட் மடங்க மாட்டேங்குதும்மா!"

கேட்டைத் தாண்டியது. ஸ்டியரிங் தானாக இடப்பக்கம் திரும்பியது.

லோங்காங்.

டீச்சர் ஓடினார். இடக்கதவைப் பிடித்து இழுத்தார். சீட்டின் மேலாக மகளின் முடியைப் பிடித்தார். தோளைப் பிடித்தார். இழுத்தார்.

விழுந்தார்கள். இருவரும். ரோட்டில்.

முன் சக்கரம் கரையில் தொங்கியது.

எஞ்சின் நின்றது.

துண்டோடு ஓடி வந்தார் நிர்மலன். "ஹேண்ட்பிரேக் சரியா போடல போல..."

டீச்சர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ரோட்டரைப் பார்த்தார் நிர்மலன். அதைக் கையில் வாங்கித் துண்டில் துடைத்தார். வண்டியை விட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

ராகினி உள்ளங்கையை உடையில் துடைத்துக்கொண்டே சொன்னாள். "முன் சீட்டைத் தள்ளினேம்மா... யாரோட தோளோ கையில பட்டுச்சு. நனைஞ்சிருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை அவள் மாமாவின் அல்ஸா காரில் கோயிலுக்குப் போனாள். சொந்தக்காரர் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. விஷயத்தை அதற்குள் நாங்கள் சொல்லிவிட்டிருந்தோம்.

திங்கட்கிழமை, ஊரிலிருந்து திரும்பிய சாமிக்கண்ணு போன் செய்தார். விஷயத்தை மகனிடம் மிரட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

"சார், அந்த எஞ்சினை எதுல மாட்டினீங்க?"

"மோரிஸ் மைனர்ல."

"அதுவும் அந்த மாதிரி வண்டியில இருந்ததுதான் சார். ஆத்துல பாஞ்சிருச்சு. பின் சீட்டுல மூணு பொம்பளைங்க. டிரைவர் குள்ளப்பய, அவன் முதல்லயே செத்துட்டான். சீட்டை மடக்கி விட ஆளில்லாம மூணு பேரும் உள்ளயே போயிட்டாங்க. வண்டியைத் தூக்கின அப்புறமும் எஞ்சின் தானா ஓடும். அதான் பூசாரி அதை மரத்தடியில வெச்சுக் கட்டினாரு."

நிர்மலன் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "என் மகளும் பின் சீட்லதான்..."

"ஓடுச்சுன்னா சொல்றீங்க? இப்ப அது ஓட முடியாது சார். பிஸ்டன் நாலையும் கழட்டி அதே ஆத்துல போட்டவனே நான்தான்."

நிர்மலன் போனை வைத்ததும் பாலகிருஷ்ணனைக் கூப்பிட்டார். எஞ்சினைத் திறக்கச் சொன்னார். ஒரிஜினல் போனால் போகட்டும் என்றார்.

பாலகிருஷ்ணன் திறந்தார். டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார்.

"சார்... உள்ள வெறும் நாலு ஓட்டைதான் இருக்கு. ஒரு ஓட்டையில சிலந்தி கூடு கட்டியிருக்கு. பழைய கூடு சார். ஒரு நூல்கூட அறுபடல."