நான் நிமிர்த்திய மூன்று பம்பரங்கள்

பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து யஷ்வந்தபுரம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, பைக்குள் இரண்டு சட்டை, அளவு பார்க்க ஒரு வெர்னியர். பட்டறையை விட்டு இப்படி நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பியவன். ஓசூர், கோவை, புனே என்று லேத் பட்டறை இருந்த ஊரிலெல்லாம் நின்று பார்த்தாயிற்று. பஸ் ஸ்டாண்டில் படுத்த நாட்களும் உண்டு. ஆனால் செய்த வேலையில் தப்பை விட்டுவிட்டுப் போவது அன்றுதான் முதல் முறை. அதுதான் உறுத்தியது.

அந்தத் தப்பு ஒரு கண்ணாடி உருண்டைக்குள் இருந்தது. ஓர் ஆராய்ச்சி நிலையம், மக்கள் பார்வைக்கு வைக்க, புரோட்டானின் மாதிரி கேட்டிருந்தது. அணுவின் நடுவில் இருக்கும் துகள் அது. சுழலும் உருண்டைதான் புரோட்டான்; உள்ளே தனித்தனியாகச் சுழலும் மூன்று பித்தளைப் பம்பரங்கள் அதற்குள் இருக்கும் குவார்க்குகள். அவர்கள் கொடுத்த வரைபடத்தில் மூன்று அச்சுகளும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன, ஒன்று தலைகீழாகவே. வரைந்தவர் அவசரத்தில் கோட்டை விட்டிருப்பார் என்று நினைத்தேன். சுழலும் பொருள் சாய்ந்தால் அதிரும், அதிர்ந்தால் பேரிங் போகும். யாரையும் கேட்காமல் மூன்றையும் நேராக நிறுத்தினேன். முடியளவுகூட ஆட்டமில்லை.

அன்று மதியம் அதை எடுத்துப்போக வந்த ஆராய்ச்சியாளர், ரிச்சர்ட்ஸ் டவுன் தமிழ்ப் பெண், ஸ்விட்சைப் போட்டதும் சிரித்துவிட்டார்.

“அண்ணா, என்ன ஸ்மூத்தா ஓடுது! ஆனா தப்பு.”

“எங்க மேடம் தப்பு? டயல் வெச்சு ஆட்டம் அளந்து பாத்தேன்.”

“மூணும் இப்படி ஒரே பக்கம் நின்னா, புரோட்டான் சுத்தறது மொத்தமும் இதுங்களாலதான்னு ஆயிடும். பெரிய பெரிய ஆளுங்களே அப்படித்தான் நெனச்சாங்க. அளந்து பாத்தா, இதுங்க பங்கு கொஞ்சம்தான்.”

“அப்ப மிச்சம்?”

“இதுங்களை ஒட்டி வெச்சிருக்கிற குளுவானோடது கொஞ்சம். எல்லாம் உள்ளயே ஓடிட்டே இருக்கே, அந்த ஓட்டத்தோடது கொஞ்சம். எது எவ்வளவுன்னு கம்ப்யூட்டர்ல மாடல் போட்டுப் பாக்கறதுதான் என் பொழப்பு.”

பெரிய ஆட்கள் செய்த அதே தப்பு! எனக்கு வெட்கமே வரவில்லை, நெஞ்சு நிமிர்ந்தது.

“ஒரு நாள் குடுங்க, சாச்சுத் தர்றேன்” என்றேன்.

பட்டறை ஓனர் குறுக்கே வந்தார். “இன்னா குரு, ஓடற சாமானைக் கெடுக்கப் போறியா? நாளைக்கு பம்ப் ஷாஃப்ட் வேலை கெடக்கு. டெலிவரி ஆச்சு, முடிஞ்சுச்சு.”

“தப்புன்னு தெரிஞ்சும் எப்படிண்ணா அனுப்பறது?”

“வந்துட்டாருடா எட்டாங்கிளாஸ் சயின்டிஸ்ட்டு! அங்கயே போய்ச் செய்யேன்.”

உருண்டையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டே அந்தப் பெண் சொன்னார்: “வரட்டுமே. எங்க ஒர்க்ஷாப்ல லேத் சும்மா கெடக்கு, ஆள் இல்லாம.”

ஆட்டோ போனதும் நான் பையை எடுத்தேன்.

யஷ்வந்தபுரம் வருவதற்குள் மனசு முடிவுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை அந்த நிலையத்தின் ஒர்க்ஷாப்பில் தற்காலிக டர்னராகச் சேர்ந்தேன். கொடுத்த முதல் வேலை, நானே நிமிர்த்திய மூன்று அச்சுகளையும் வரைபடத்தில் இருந்தபடி சாய்ப்பது.