மச்சானின் இதயத்தை இஸ்திரி போட்டேன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன சனிக்கிழமை காலை ஒன்பதே காலிலிருந்து பத்து மணி வரை, என் மச்சானுடைய இதயத்தை நானே இஸ்திரி போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டேன் என்று முழுமனதாக நம்பினேன்.

சிரிக்காதீர்கள். சூழ்நிலை அப்படி.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வயதில் எங்கள் மைசூர் விஜயநகரில் மற்றவர்கள் காலையில் வாக்கிங் போகிறார்கள். நான் வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்கிறேன். மொட்டைமாடி டேங்க் நிரம்பினால் கத்துகிற பஸ்ஸருக்காக. "கடையில ரெடிமேடா கிடைக்குதே" என்பது என் மனைவி சாந்தியின் கட்சி. "இட்லிகூடத்தான் கடையில கிடைக்குது" என்றேன். அன்று இட்லி கடையிலிருந்துதான் வந்தது.

செய்முறை சுலபம். சர்க்யூட் படத்தை வழவழ பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுக்க வேண்டும். செம்பு பூசிய அட்டைமேல் அதைக் கவிழ்த்து, இஸ்திரிப்பெட்டியை முழுச் சூட்டில் வைத்து அழுத்த வேண்டும். டோனர் — அதாவது பிரிண்டரின் கறுப்புப் பொடி — உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுப் பேப்பரைத் தேய்த்து எடுத்துவிட்டால், கறுப்புக் கோடுகள் மட்டும் மிஞ்சும். அதைக் கெமிக்கலில் போட்டால், கோடு இல்லாத இடத்துச் செம்பெல்லாம் கரைந்துவிடும். போர்டு ரெடி!

இதில் பேப்பர் என்ன ஆகிறது என்று கவனித்தீர்களா? கூழ். நம் கதைக்கு அதுதான் முக்கியம்.

வழவழ பேப்பருக்கு எங்கே போவது? பட்டுப்புடவைக் கடை நோட்டீஸ்தான். செய்தித்தாளோடு இலவசமாக வந்து விழுகிறது. டைனிங் டேபிளில் ஒரு கட்டே வைத்திருக்கிறேன்.

அந்த டேபிளுக்குத்தான் மச்சான் வந்து சேர்ந்தார். சாந்தியின் அண்ணன். மார்டள்ளி கிராமத்தில் மஞ்சளும் மக்காச்சோளமும் போடுகிறவர். கொஞ்ச நாளாக நெஞ்சில் ஒரு பிடிப்பு. சாமராஜநகரில் எக்கோ ஸ்கேன் எடுத்து, வழவழ தாளில் அடித்த அந்த ரிப்போர்ட்டோடு முந்தின நாள் சாயந்திரம் பஸ்ஸில் வந்திருந்தார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு டாக்டர். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷனா, மாத்திரையா என்று சொல்வாராம்.

நான் இஸ்திரிப்பெட்டியும் கையுமாக நிற்பதைப் பார்த்தார் மச்சான்.

"என்னுங்க மாப்ள, பேப்பருக்கெல்லாம் இஸ்திரி போடறீங்க?"

"இது சர்க்யூட்டு மச்சான்."

"என்ற ரிப்போட்டும் பஸ்ஸுல கசங்கிப்போச்சுங்க. அப்படியே அதையும் ஒரு தேய்ப்பு தேச்சுக் குடுத்துருங்க. டாக்டர் முன்னால கசங்குனத நீட்டுனா மரியாதையாவா இருக்கும்?"

"அங்க வெச்சிட்டுப் போங்க" என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

முதல் முயற்சி ஊத்திக்கொண்டது. ஊறவைத்து உரித்தால் பாதிக் கோடுகள் பேப்பரோடு வந்துவிட்டன. மூக்குக்கண்ணாடி எங்கேயோ. டேபிள் பக்கம் கையை நீட்டினேன்... வழவழவென்று மேலாக இருந்த தாளை உருவினேன்... பிரிண்டரில் செருகினேன். தேய்த்தேன், ஊறவைத்தேன், உரித்தேன். ஆகா! ஒரு கோடு பிசகவில்லை.

அப்போதுதான் சாந்தி வந்தாள். "ஏங்க, அண்ணன் ரிப்போர்ட் எங்க?"

"டேபிள்ல இருக்கும் பாரு."

"இங்க நோட்டீஸ்தான இருக்கு... ஏங்க, உங்க மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?"

மச்சானைக் கேட்கலாம் என்றால் ஆளைக் காணோம். போன் அடித்தோம். அது உள்ளே சார்ஜரில் தொங்கிக்கொண்டு பாடியது.

பேப்பர் ஊறவைத்த வாளிக்குள் கையை விட்டேன். கூழுக்கு நடுவே ஒரு துண்டு — சிவப்பும் நீலமுமாக. எக்கோவில் ரத்த ஓட்டம் சிவப்பு, நீலத்தில்தான் தெரியுமாம். நெட்டில் பார்த்திருக்கிறேன்.

"சாந்தி, இது வால்வு."

"முந்தானைங்க அது."

"வளைஞ்சிருக்கு பாரு!"

"மாங்கா பார்டர் வளையாம என்ன பண்ணும்?"

அடுத்த துண்டு ஸ்கேன் படம் மாதிரியே சாம்பல் நிறத்தில் வந்தது.  சாந்தி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணன் மூணு வாரமா சரியாத் தூங்கல, தெரியுமா? ஆபரேஷன்னு சொன்னா ஊருக்கு பஸ் ஏறிடுவேன்னு சொல்லிட்டே இருக்குது. கெஞ்சிக் கூட்டிட்டு வந்திருக்கேன். இன்னிக்கு விட்டா அது மறுபடி வரவே வராதுங்க."

 ஸ்கேன் சென்டருக்கு ஐந்து தடவை போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. பைக்கில் சாமராஜநகர் போய்த் திரும்புவதற்குள் டாக்டர் கிளம்பிவிடுவார். என்ன செய்தேன் என்கிறீர்கள்? சாம்பல் துண்டை ஒரு தட்டில் பரப்பி, மறுபடியும் இஸ்திரி போட்டேன். "டாக்டர், பேஷன்ட்டோட இதயம் இந்த வாளியிலதான் இருக்கு, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன். பிரிண்டரை விற்றுவிடுகிறேன் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். வாக்கிங் போகவும் சம்மதித்தேன். நிஜமாகவே தப்பு செய்தவன்கூட இவ்வளவு ஒப்புக்கொள்ள மாட்டான். தப்பு செய்திருப்போமோ என்று பயப்படுகிறவன் இருக்கிறானே... அவன் கேட்காததற்கெல்லாம் வாக்குமூலம் கொடுப்பான்!

பத்து மணிக்கு கேட் திறந்தது. மச்சான் மஞ்சள் பையோடு ஆடி அசைந்து வந்தார்.

"எங்கண்ணா போன?" சாந்தி கிட்டத்தட்டக் கத்தினாள்.

"முக்குல ஜெராக்ஸ் கடைக்கும்மா. தொறக்க நேரமாகிப்போச்சு. எந்த ஆபீசுக்குப் போனாலும் மூணு காப்பி இல்லாம நான் போறதில்லயே."

பையிலிருந்து எடுத்தார். ரிப்போர்ட். முழுசாக. கசங்கலோடு. அதை அப்போதே கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடுத்திருப்பேன். மச்சான் குறுக்கே நின்றதால் அவரைக் கட்டிப்பிடித்தேன்.

"மச்சான்... என்னத் தேய்க்கச் சொன்னீங்களே?"

"சொன்னனுங்க மாப்ள. அப்பறம் எட்டிப் பாத்தா, தேச்ச பேப்பரத் தண்ணிக்குள்ள முக்கி பிரஷ்ஷு போடறீங்க. சத்தமில்லாம என்றத எடுத்துட்டு ஓடிட்டனுங்க!"

பதினொன்றரைக்கு டாக்டர் கூப்பிட்டார். மூன்று ஜெராக்ஸையும் யாரும் கேட்கவில்லை. ஒரிஜினலைப் பார்த்தார், கசங்கலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேஷன் வேண்டாம், தினம் ஒரு மாத்திரை போதும், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

நான் கழுவியது, அந்தச் சாம்பல் துண்டு உட்பட, புடவை நோட்டீஸைத்தான்.