ஹனீஃபா பாயின் இண்டிகேட்டர் பாட்டு

ஹனீஃபா பாய் இல்லை. நேத்து காலையில டீ டம்ளரைக் கீழ வெச்சவர் அப்படியே சாஞ்சுட்டாராம்...

கூட வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன், எங்க கம்பெனி பஸ் டிரைவர். கோவளத்துல இருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும், நாலு வருஷம், அவருக்குப் பின்னாடி சீட் என்னுது.

பஸ்ல யாருக்குப் பிறந்தநாள்னாலும் பாய் ஒரு பாட்டு பாடி வாட்ஸ்அப் குரூப்ல போடுவார். சொந்த வரி, சொந்த மெட்டு.

தாளம் மட்டும் பஸ்ஸோடது. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை ஆஃப் பண்ணி, ரைட் இண்டிகேட்டரைப் போட்டுட்டு ஃபோனை டேஷ்போர்டுல வெச்சுடுவார். அந்த டிக் டிக்குக்குப் பாடுவார்.

நான்தான் மேதாவி மாதிரி அவர் ஃபோன்ல ஒரு மியூசிக் ஆப் போட்டுக் கொடுத்தேன். டிரம்ஸ், வயலின் எல்லாம் இருக்கு பாய்னு. ரெண்டு நாள் ஆசையா உட்கார்ந்து ஒரு பாட்டு பண்ணி ஃபேஸ்புக்ல போட்டார்.

ஒரு மணி நேரத்துல மியூட். இது வேற யாரோடயோ பாட்டுன்னு ஒரு நோட்டீஸ். ஆப்ல இருந்த அதே டிரம்ஸை வேற யாரோ முன்னாடியே அவங்க பாட்டுல போட்டிருக்காங்க.

எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல. பஸ்ல எல்லாரும் திருட்டுப் பாட்டுன்னு ஓட்டினாங்க.

"வுடும்மா. எவனோ பெரிய ஆளு பாட்டு மாரியே கீதுன்னு மெஷினே சொல்லிகீது"ன்னார் பாய். அவ்ளோதான். மறுநாள் பழையபடி இண்டிகேட்டர்.

என் பொண்ணு மகிழ் பிறந்ததும் நான் வேலையை விட்டேன். பாப்பா தூங்கவே மாட்டா. ஃபோன்ல வீடியோ போட்டாதான் கண்ணு சொருகும். கண்ணு கெட்டுடுமோ, பேச்சு லேட்டாகுமோன்னு எனக்கு ஒரே பயம்... பாய்கிட்ட போன்ல அழுதே இருக்கேன்.

அன்னைக்கு சாயங்காலமே ஒரு ஆடியோ வந்துச்சு. மகிழுக்குன்னே ஒரு தாலாட்டு, அதே இண்டிகேட்டர் தாளத்துல.

"ரைட்டுல வளையுது மகிழு, லெஃப்ட்டுல வளையுது மகிழு, கோவளம் வந்தா எறங்கிக்கலாம், இப்போ நீ தூங்கு..."

ஃபோனைக் கவுத்து வெச்சுப் போடும்மான்னார். ரெண்டு வருஷமா அதுலதான் தூங்கினா.

போன மாசம் மகிழே அந்த ஃபோனை பக்கெட் தண்ணியில போட்டுட்டா. நான் பேக்கப் எடுக்கல. பாய்கிட்ட திரும்ப அனுப்பச் சொல்லலாம், நாளைக்குக் கேப்போம்னு இருந்தேன்...

நேத்து பாய் வீட்ல, அவர் சம்சாரம், நாங்க அக்கான்னுதான் கூப்பிடுவோம், அவங்க கையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்துல பாட்டை எப்படிக் கேக்குறது? கேக்காமலே எழுந்து வந்துட்டேன்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோ. ஈசிஆர்ல வளையுறதுக்கு டிரைவர் இண்டிகேட்டர் போட்டார்.

டிக்... டிக்... மடியில இருந்த மகிழ் பாட ஆரம்பிச்சுட்டா. ஒரு வரி விடல. "எறங்கிக்கலாம்" மட்டும் "எங்கிக்கலாம்".

வளைஞ்சு முடிச்சதும் டிரைவர் ஆஃப் பண்ணிட்டார், பாட்டும் நின்னுடுச்சு. கொஞ்சம் ஓரமா நிறுத்தி அதை மறுபடி போடுங்கண்ணான்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனா போட்டார்.

ரெக்கார்ட் பண்ணி முதல்ல அக்காவுக்குத்தான் அனுப்பினேன். "போடும்மா, எல்லாரும் கேக்கட்டும்"னு இப்பதான் பதில் வந்துச்சு.

கீழ போட்டிருக்கேன். இதை யாரும் மியூட் பண்ண மாட்டாங்க பாய்.

பார்த்துப் போங்க.