கரணைக்குப் பக்கத்தில் கன்ட்ரோலர்

வீடியோ கேம் கம்பெனிக்காரர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. வாராவாரம் புதுத் துப்பாக்கி, புதுச் சட்டை விற்கத் தெரிகிறது. மைக்கில் ஒருத்தன் வாய்க்கு வந்தபடி ஏசினால் புகார் செய்கிற பட்டனை மட்டும் எங்கோ ஒளித்து வைத்திருப்பார்கள். ஆடுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பெண் குரல் கேட்டால் போதும், பாதிப் பேருக்குச் சாமி வந்துவிடும். அதனாலேயே இரண்டு வருஷம் மைக்கை அணைத்துவிட்டு ஊமையாக ஆடினேன். திட்டுகிற அதே வாயால் இதையும் சொல்ல வேண்டும்: ஃபேக்டரியில் எட்டு மணி நேரம் நின்று பேக்கிங் பார்த்துவிட்டு வருகிற எனக்கு, அந்த ஒரு மணி நேர ஆட்டம் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும். நன்றி மறக்கக் கூடாது.

போன வருஷம் மைசூர்ப் பையன்கள் மூன்று பேர் தங்கள் டீமில் நாலாவது ஆளாக என்னைச் சேர்த்தார்கள். ஒரே நிபந்தனை, மைக்கில் பேச வேண்டும். எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று சொல்லாமல் டீமாக ஆட முடியாது. முதல் டோர்னமென்ட் ஆட்டம் ஆயுத பூஜையன்று மாலை ஐந்து மணிக்கு. தேதி வைத்தவன் சத்தியமாக நம் பக்கத்து ஆள் இல்லை! வராவிட்டால் என் இடம் வேறொருவனுக்குப் போய்விடும் என்று கேப்டன் முன்பே சொல்லியிருந்தான்.

அப்பா கட்டட மேஸ்திரி. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலை வரை தொட மாட்டார். கான்ட்ராக்டரே வாசலில் வந்து நின்றாலும் சரி. என் ஆட்டத்தை அவர் வெட்டி வேலை என்றுதான் சொல்லுவார்.

ஃபேக்டரி பூஜைக்குப் போய்விட்டு நாலு மணிக்கு வந்தேன். வீட்டில் பூஜை முடிந்திருந்தது. அப்பாவின் கரணை, தூக்குக்குண்டு, ரசமட்டம், பக்கத்தில் நான் கேம் ஆடுகிற கன்ட்ரோலர். சந்தனம், குங்குமம், மேலே ஒரு சாமந்திப்பூ.

"உங்கப்பாதான் தேடி எடுத்தாந்து வெச்சாரு" என்றாள் அம்மா.

அழுகையே வந்துவிட்டது. பாதி சந்தோஷம், பாதி ஆத்திரம். எடுத்தால் அப்பா முதன்முதலாகக் கொடுத்த மரியாதையை நானே கெடுத்த மாதிரி. எடுக்காவிட்டால் டீம் போச்சு. கடிகாரத்தையும் கன்ட்ரோலரையும் மாறி மாறிப் பார்த்ததை அப்பா கவனித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

அப்பா எழுந்து கும்பிட்டு, கன்ட்ரோலரைத் தன் துண்டாலேயே துடைத்து நீட்டினார்.

"சாமிகிட்ட நாஞ் சொல்லிக்கறேன். நீ போயி ஆடு கண்ணு."

பட்டன் இடுக்கில் சந்தனம் அப்பிக்கொண்டு ஒன்று அமுங்கவே இல்லை. ஊக்கால் நோண்டி எடுத்தேன்.

அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த ஆட்டத்தில் இரண்டு டீமும் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். நான் வாயைத் திறந்தேனோ இல்லையோ, எதிர் டீமில் ஒருவன் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

"என்ன கண்ணு சொல்றான்?"

"சமையல்கட்டுக்குப் போகச் சொல்றான்ப்பா."

மைக்கை அணைக்கப் போனேன். அதற்குள் அப்பா குனிந்து, மூன்றாவது மாடிச் சாரத்தில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில் கத்தினார்: "சுண்டல நாந்தான் தாளிச்சேன்! அவ ஆடட்டும்!"

அப்பட்டமான பொய். அப்பா கரண்டியைத் தொட்டதே கிடையாது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எங்கள் டீம் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, மைக்கை அணைக்கவில்லை. கடைசிவரை பேசிப் பேசியே ஆடினேன்.

தோற்றுத்தான் போனோம். முடிந்ததும் கேப்டன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னான்: "அக்கா, அடுத்த மேட்சுக்கும் அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க."