குதிரைக்கும் ஒரு பங்கு

என் மகளை ஒரு இடத்தில் உட்கார வைக்க, சின்ன காஞ்சிபுரத்தில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். வல்லாரைக் கீரை, தாயத்து, முதுகில் நாலு சாத்து. காலையில் தெரு நீளத்துக்கு நெசவுப் பாவு இழுத்துக் கட்டியிருக்கும்போது அந்தப் பட்டு இழைகளுக்குள்ளேயே புகுந்து ஓடுவாள். அறுந்த இழைக்கெல்லாம் திட்டு வாங்கியது நான். கவனக்குறைபாடு என்று டாக்டர் சொன்னபோது, வாங்கிய திட்டுக்கு ஒரு பெயராவது கிடைத்ததே என்றிருந்தது.

குதிரைச் சவாரி உதவலாம் என்று அவர் சொன்னதும் சிரிப்புதான் வந்தது. தரையிலேயே நிற்காதவளைக் குதிரைமேல் ஏற்றுவதா? ஆனாலும் போனோம். வாலாஜாபாத் போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பு. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே பழக்கிய வயதான பழுப்பு நிறப் பெண்குதிரை ஒன்றை வைத்து ஒருவர் பயிற்சி கொடுத்துவந்தார்.

என் மகள் வேறெங்காவது திரும்பினால் அது நின்றுவிடும். நிமிர்ந்து நேரே பார்த்தால்தான் நடக்கும். திட்டாது, அலுத்துக்கொள்ளாது, அடுத்த வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடாது. சும்மா நிற்கும், அவ்வளவுதான். பெற்ற எனக்கு வராத பொறுமை அதற்கு இருந்தது. பொறாமையாகக்கூட இருந்தது.

சில மாதங்களில் வீட்டுப்பாடத்தை எழுந்திருக்காமல் முடிக்க ஆரம்பித்தாள். தறியில் இருந்தபடியே அதைப் பார்த்த என் கணவர், அன்றைக்கே பெருமாளுக்குக் குடலை இட்லி படைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு வேகவைப்பது. நெய்யும் மிளகும் சுக்குமாகத் தெருவே மணக்கும். படைத்த பிரசாதத்தைத் தெருவுக்கெல்லாம் பங்கு வைத்தோம். மீதியைக் குதிரைக்கென்று ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு அவரும் எங்களோடு தோப்புக்கு வந்தார்.

பயிற்சியாளர் தயங்கினார். "நெய்யும் மிளகுமா இருக்குதே சார், அதுக்கு ஒத்துக்குமா?"

"பெருமாள் பிரசாதம் யாருக்குபா ஒத்துக்காம போவும்? என் பொண்ண உக்கார வெச்சதே இந்தக் குதிரதான். அதுக்கு இல்லாத பங்கா?"

அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்? பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லும் வாய் எங்கள் ஊரில் இல்லை. பயிற்சியாளரும் ஒரு துண்டு இட்லியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

என் மகள்தான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "புல்லும் கேரட்டும்தான்பா குடுக்கணும். வேற எதுவும் கூடாது. சார் சொல்லிக்கிறாரு."

"பார்த்தியா, எப்டி ஞாபகம் வெச்சிக்கினு இருக்குது!" என்று அவர் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில், அவள் என்ன சொன்னாள் என்பதை யாரும் காதில் வாங்கவில்லை. குதிரை தூக்கைக் காலி செய்தது.

சாயங்காலமே வயிற்றுவலியில் கீழே விழுந்து புரண்டதாம். மறுநாள் போய்விட்டது. இட்லியாகவும் இருக்கலாம், வயதாகவும் இருக்கலாம் என்றார் மாட்டு டாக்டர். போனில் செய்தி சொன்ன பயிற்சியாளர் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அதுக்கு வயசாயிடுச்சிமா, சாமிகிட்ட போயிடுச்சி" என்று மகளிடம் சொன்னோம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஓட்டமும் இல்லை, துறுதுறுப்பும் இல்லை. வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "பெருமாள் கண்ணத் தொறந்துட்டாருமா" என்று தெருவில் மெச்சுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இது குணமான பிள்ளையின் அமைதி இல்லை, அழத் தெரியாத பிள்ளையின் துக்கம் என்று யாருக்குச் சொல்லிப் புரியவைப்பேன்?

போன வாரம் பயிற்சியாளர் மறுபடி கூப்பிட்டார். புதிதாக ஒரு குதிரை வாங்கியிருக்கிறாராம், பிள்ளையை அழைத்து வரச் சொன்னார். என் கணவர் ஓடிப்போய் மகளின் எதிரே உட்கார்ந்தார்.

"புதுக் குதிரை வந்திருக்குதாம்மா. போலாமா?"

அவள் நிமிர்ந்தாள்.

"அதுக்கும் பிரசாதம் குடுப்பியாப்பா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் மட்டும் எங்கும் திரும்பாமல், பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.