பெரம்பலூர்க் குரலில் பேசிய இத்தாலிப் பொம்மை

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்து போனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்த இத்தாலிக்காரப் பொம்மை வந்து நின்றது. சிவப்பு உடம்பு, தொந்தி, காதுவரை கிழிந்த வாய். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வாயைத் திறந்து கரகரவென்று என்னவோ பேசியது. சே, இது அதன் குரலே இல்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அதன் குரல் பெரம்பலூர்க் குரல் அல்லவா.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். அபுதாபி முசஃபா லேபர் கேம்பில் எங்கள் ரூமுக்கு ஒரு பழைய டிஷ் இருந்தது. தமிழ் சேனலுக்காக அதைத் திருப்பாத திசை இல்லை. சிக்கியது இத்தாலி மட்டும்தான். ஆட்டம், பாட்டு, நடுநடுவே வந்தவர் போனவரையெல்லாம் வம்புக்கிழுக்கும் இந்தப் பொம்மை. மொழி புரியாததால் மியூட்டில் போட்டுவிடுவோம். பெரம்பலூர்க்காரரான வெல்டர் முருகேசன் அண்ணன் டிவி பக்கத்தில் உட்கார்ந்து அதற்குத் தமிழ் பேசுவார். பொம்மை ஃபோர்மேனைத் திட்டும், மெஸ் சாம்பாரை நக்கலடிக்கும், என் குறட்டையையும் விடாது. வெள்ளிக்கிழமை மதியம் பக்கத்து ரூம்காரர்களும் வந்துவிடுவார்கள். கால் நீட்ட இடமிருக்காது.

அவ்வளவு பேசுகிறவருக்கு வீட்டுக்குப் போன் செய்தால் முகம் தொங்கிவிடும். அவர் இங்கே வந்தபிறகு பிறந்த மகள், போனில் அப்பா என்றாலே ஓடிவிடுவாள். ஒரு வெள்ளிக்கிழமை பொம்மை பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து போன். குரலை மாற்ற மறந்து, "யாருடா அது, ஆட்டத்துக்கு நடுவுல?" என்றார். அந்தப் பக்கம் குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. அதிலிருந்து வாராவாரம் அவளிடம் பொம்மைதான் பேச வேண்டும். பல் தேய்த்தாயா என்று கேட்பதும் பொம்மைதான். அண்ணனுக்கு அதில் சந்தோஷம். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

லீவு வந்தது. பெட்டி கட்டும்போது, "அப்பான்னு என்கிட்ட வருமாடா?" என்று கேட்டார். ரூமில் பாதிப் பேருக்கு அதே கவலை.

ஊருக்குப் போன மறுநாளே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டோம்.

"கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சுடா. பொம்மைக் குரல்ல கூப்பிட்டேன். ஓடியாந்து பெட்டியெல்லாம் கிளறித் தேடுச்சு. மறுபடி பேசினேன். கிட்ட வந்து என் வாயைத் தொட்டுப் பாத்துச்சுடா."



அண்ணன் விசாவை முடித்துக்கொண்டு ஊரோடு போய்விட்டார். டிஷ்ஷைக் கழற்றியாகிவிட்டது, டிவியும் இல்லை. இப்போது ரூமில் ஆளுக்கொரு போன், காதில் ஆளுக்கொரு இயர்போன். நேற்று, பழக்கதோஷம், அந்தப் பொம்மையை மியூட்டில் போட்டேன். வாய் அசைந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். யாரும் பேசவில்லை.