தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து

கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை என்று தருமபுரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். போனோம் என்றால் நானும் மாமியாரும். என் புருஷனுக்கு அன்று வேலை இருந்தது. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவருக்கு எப்போதும் வேலை இருக்கும்.

கருமுட்டை வெளியாகிறதா என்று தெரிய, இருபத்தோராம் நாள் ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் அளவு பார்த்துவிட்டு வரச் சொன்னார் டாக்டரம்மா. நாள் வந்ததும் நல்லம்பள்ளியில் பஸ் ஏறி லேபுக்குப் போனோம். ரத்தம் எடுக்கிற பெண், "இன்னைக்கு எத்தனாவது நாளுங்க?" என்று என்னைத்தான் கேட்டாள். மாமியார் முந்திக்கொண்டார். "இருவத்தொண்ணுங்க. நான் கணக்கு வெச்சிருக்கேன்."

அளவு மிகக் குறைவு என்று அன்றைக்கே வந்தது. மறுநாளே எனக்குத் தூரம். வழக்கம்போல மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் பாயோடு ஒதுங்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் நாத்தனாரிடம் போனில் பேசுவது நன்றாகக் கேட்டது. "முட்டையே இல்லையாம். ரத்தத்துலயே காட்டிருச்சு. உங்க பக்கம் பொண்ணு ஏதாச்சும் இருந்தா பாரு. நம்ம வூட்டுக்கு வாரிசு வேணாமா?" பக்கத்தில் என் புருஷன் இருமுவதும் கேட்டது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, ரத்தம் கொடுத்த மறுநாளே தூரமானேன் என்றதும் நிமிர்ந்தார். "எந்த நாள்ல இருந்து எண்ணுனீங்க?"

"அஞ்சாம் நாள் தலைக்கு ஊத்துனதுல இருந்துங்க," என்றார் மாமியார். "அதுக்கு முன்னாடி தீட்டு. அதையெல்லாமா நாளுல சேப்பாங்க?"

எங்கள் பக்கத்தில் சேர்க்கமாட்டார்கள். நானும் வயசுக்கு வந்ததிலிருந்து அப்படித்தான் எண்ணியிருந்தேன். உதிரம் கண்ட நாள்தான் முதல் நாள், தூரம் நெருங்கினால் இந்த அளவு தானாகவே இறங்கிவிடும் என்று டாக்டரம்மா சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது சும்மா சொன்னதில்லை. வீட்டுக்கு வந்த பிறகும், பொண்ணு பார்க்க வேண்டாம் என்று நாத்தனாருக்குப் போன் போகவில்லை.

அடுத்த மாதம் சரியான நாளில் ரத்தம் கொடுத்தேன். அளவு நன்றாகவே இருந்தது. "உங்க முட்டை ஒழுங்கா வருதும்மா. இனி உங்க வீட்டுக்காரரைப் பரிசோதிக்கணும், கூட்டிட்டு வாங்க," என்றார் டாக்டரம்மா.

அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே அதை என் புருஷனிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மாமியார்தான் பதில் சொன்னார்.

"போன மாசம் ஒண்ணு வந்துச்சு, இந்த மாசம் ஒண்ணு வருது. அந்த லேபை எப்படி நம்புறது? நீ சாப்புடு கண்ணு."

என் புருஷன் தட்டை நீட்டிக் குழம்பு கேட்டார். ஊற்றினேன்.